பஸ் வாசலிலேயே நிற்கும் விடுதி

எங்களுக்குக் கார் கிடையாது. பாறசாலையிலிருந்து ரயிலில் எறணாகுளம் போய், இரண்டு நாள் தங்கி, மெட்ரோவும் படகும் காட்டுவதாகப் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்திருந்தேன்.

இன்று காலையில் விடுதி தேடினேன். பஸ் வாசலிலேயே நிற்க வேண்டும். கீழேயே சாப்பாட்டுக்கடை இருக்க வேண்டும். சின்னவன் கையை உதறிவிட்டு ஓடுகிறவன், அதனால் ரோட்டைக் கடக்கவே கூடாது.

எப்படித் தேடினாலும் ஒரே இடம்தான் பொருந்தியது. போன வருடம் மனைவியின் சிகிச்சைக்காக நாங்கள் நாலு பேரும் மாதக்கணக்கில் தங்கிய, ஆஸ்பத்திரியை ஒட்டிய லாட்ஜ்.

வசதிதான் முக்கியம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அழைத்தேன். லாட்ஜ் சேட்டனுக்கு என் குரல் மறக்கவில்லை.

"ரூம் உண்டு. சேச்சிக்குப் படி கேறண்டா, தாழத்த ரூம் தராம்."

மனைவி படியேற வேண்டாமாம், கீழ் ரூமையே தருகிறாராம். அவள் இறந்தது அவருக்குத் தெரியாது.

"பிள்ளைகளும் நானும்தான் சேட்டா. மேல உள்ள ரூம் போதும்" என்றேன்.

போனை வைத்துவிட்டு, உற்சாகமாகவே சொன்னேன்: "பழைய லாட்ஜிலேயே ரூம் கிட்டிச்சு மக்கா!"

மூத்தவள் எழுந்து உள்ளே போனாள். சின்னவன் மடியில் ஏறி, என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான்.

"அப்பா, இப்போ ஒங்களுக்கா சொகமில்ல?"

சேட்டனைத் திரும்ப அழைத்து, ரூம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

எறணாகுளத்தில் பக்கத்தில் ஆஸ்பத்திரி இல்லாத விடுதி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். பஸ் ஸ்டாப் எவ்வளவு தூரமானாலும் சரி, அவனைத் தோளில் தூக்கிக்கொண்டே நடப்பேன்.

எனக்கு நல்ல சொகமாக்கும்.