சாப்பிட வருகிறவர்

பர்தாவைக் கழற்றி ஆணியில் மாட்டிய கையோடு சித்தாரா அக்கா கேட்டது, "இன்னா கொழம்பு இன்னிக்கு?" என்றுதான். பிள்ளையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தட்டை வாங்கி, சாம்பாரைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டார்.

நல்ல கூத்து என்று நினைத்தேன். சாப்பிட மறுக்கும் பிள்ளைக்கு ஒரு வழி சொல்லட்டும் என்றுதான், பக்கத்து வீட்டுச் சுகாசினிக்காக அவரைக் கூட்டி வந்திருந்தேன்.

பெரிய காஞ்சிபுரத்தில் அங்கன்வாடி ஒன்றில் சமைக்கிறார் சித்தாரா. வயது ஐம்பதைத் தாண்டும். வேலை முடிந்தால் கூப்பிட்ட வீட்டுக்குப் போவார். ஐயம்பேட்டையிலிருந்துகூட ஷேர் ஆட்டோவில் வந்து அழைத்துப் போகிறார்கள். "பசிச்சா தானா துன்னும்" என்று கை கழுவுகிறவர் இல்லை. ஆனால் "ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சுகிற தாய்மாரைக் கண்டால் அவருக்கு ஆகாது. "ஊசி போடுற மாரி மூஞ்சிய வெச்சிக்கினு ஊட்றியேமா, எப்டி துன்னும்?" என்பார். அவரோ முருங்கைக்காயைச் சத்தம் வர உறிஞ்சுவார், விரலை நக்குவார். நாகரிகம் பார்க்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள். சுளித்துவிட்டுப் போகட்டும்.

சுகாசினியின் மகன் குருவுக்கு நான்கு வயது. பால், தயிர்சோறு, இட்லி. வெள்ளையாக இல்லாத எதுவும் வாய்க்குள் போகாது. ரத்தம் கம்மி, கீரையும் பருப்பும் கொடுங்கள் என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவளுக்குத் தூக்கமே இல்லை. "ஊர்ல எல்லாப் புள்ளயும் துன்னுது. நான் இன்னா பாவம் பண்ணன்கா" என்று மூக்கைச் சிந்தினாள்.

அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. கூடத்தை அடைத்துக்கொண்டிருந்த தறியையே பார்த்துக்கொண்டிருந்தார். வெங்காயத்தோல் நிறத்தில் பட்டுச்சேலை ஒன்று அதில் பாதி நெய்தபடி இருந்தது.

"தவழ்ற வயசுல தறிகிட்ட வருவானா இவன்?"

"வராம? எந்நேரமும் இங்கதான்" என்றார் தறியில் உட்கார்ந்திருந்த குருவின் அப்பா வெங்கடேசன்.

"கொழம்புக் கையோடவா?"

"கறை பட்டா சேலையே போச்சேமா. கத்துவோம், ரெண்டு அடியும் வுழும். அதுக்குத்தான் வெள்ளச் சோறாவே குடுத்துப் பழக்கிட்டோம்."

சொல்லி முடித்தவர் நெய்வதை நிறுத்திவிட்டார். சுகாசினி புருஷனைப் பார்த்தாள். எனக்குப் பாவமாக இருந்தது. அந்தச் சேலைதான் அந்த வீட்டுக்குச் சோறு போடுகிறது. யாரை என்னவென்று குறை சொல்ல?

"புள்ள பயந்துக்கினு இருக்குது, வேற ஒண்ணியும் இல்ல" என்றார் அக்கா. "தறிமேல துணிய போத்திட்டு ரெண்டு பேரும் வந்து குந்துங்க. நீங்களும் துன்னுங்க. அவன மட்டும் பாக்காதீங்க."

உட்கார்ந்து சாப்பிட்டோம், நானும்தான். குரு சுவரோரம் நின்று பார்த்தான். கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வந்தான். அக்காவின் தட்டிலிருந்து சாம்பார் கேரட் ஒன்றை எடுத்து நக்கினான், கடித்தான். சுகாசினி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அக்கா அவள் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார்.

கேரட் உள்ளே போயிற்று. அப்போதுதான் குரு தன் விரல்களைப் பார்த்தான். மஞ்சள். கையை அப்படியே விரித்து வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தான். உதடு பிதுங்கியது.

அக்கா சாப்பிடுவதை நிறுத்தவில்லை. இடது கையால் தன் சந்தன நிறப் புடவையின் முந்தானையை இழுத்து, அவன் கைக்கு எட்டும்படி விரித்துப் போட்டார்.