பெர்மெத் அக்காவின் அறுபதாவது கட்டம்

பெர்மெத் அக்கா பிஷ்கெக்கில் இருபத்திரண்டு வருடம் டிராலிபஸ் ஓட்டியவர். பத்தொன்பது வயதில் நாரின் மலைப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் டிப்போவில் சேர்ந்தார். புருஷன் வேலைக்கென்று ரஷ்யாவுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட வாரத்தில்கூட அவர் லீவு போடவில்லை. அப்படிப்பட்டவர் ஜனவரியில் விழுந்துவிட்டார். ஒரு திருப்பத்தில் வண்டிக் கூரைமேல் நீட்டிக்கொண்டு கரண்ட் வாங்கும் கொம்பு மின்கம்பியை விட்டு நழுவியது. கொம்பைத் திரும்ப மாட்ட இறங்கிப் போய், அதில் கட்டிய கயிற்றை இழுத்தார். காலடியில் பனி உறைந்திருந்தது. வலது மணிக்கட்டு முறிந்தது.

கட்டுப் போட்ட கையோடு வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார அவரால் முடியவில்லை. டிப்போவின் டைம் கீப்பர் அறையில், லூபா அம்மாவுக்கு உதவியாக ஒரு நாற்காலி கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த அறையின் பழைய கம்ப்யூட்டரில்தான் அந்த விளையாட்டு இருந்தது.

யார் ஏற்றி வைத்தார்கள் என்று தெரியாது. திரையில் ஒரு குட்டி மஞ்சள் மனிதன் நடப்பான். ஒரு பட்டனைத் தட்டினால் அவனுக்கு மேல் கீழாகிவிடும். கூரையைப் பார்த்து விழுவான், கூரையில் நடப்பான். மறுபடி தட்டினால் தரைக்கு விழுவான். வழியெல்லாம் முட்கள். மொத்தம் அறுபது கட்டம். கடைசி மூன்றில் ஒரு வம்பும் சேரும்: அவன் தலைகீழானதும் கீபோர்டின் இடது அம்பு வலதாகிவிடும், வலது இடதாகிவிடும். அந்த மூன்றையும் ஒரே ஓட்டத்தில் முடிக்க வேண்டும். நடுவில் எங்கே செத்தாலும் திரும்ப ஐம்பத்தெட்டின் வாசலில்தான் நிற்பான்.

டிப்போவில் ஆடாத ஆள் இல்லை. நான் நாற்பத்தொன்றோடு கும்பிடு போட்டுவிட்டேன். மெக்கானிக் ராத்பெக் மட்டும் ஐம்பத்தெட்டு வரை போனான். அங்கே மூன்று மாதம் முட்டி மோதி, ஒரு நாள் கோபத்தில் கீபோர்டையே குத்தி, லூபா அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

கட்டுப் பிரித்ததும் விரல்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்லி டாக்டர் ஒரு ரப்பர் பந்து கொடுத்தார். அக்கா பந்தை விட்டுவிட்டு மஞ்சள் மனிதனைப் பிடித்துக்கொண்டார். மார்ச் நடுவில் அவரும் ஐம்பத்தெட்டுக்கு வந்து நின்றார்.

அந்த வெள்ளிக்கிழமை நான் முதல் ஷிப்ட் முடித்து உள்ளே வந்தபோது மணி பன்னிரண்டேகால். திங்களன்று புதுக் கம்ப்யூட்டர் வருகிறது, பழையதை எடுத்துப் போய்விடுவார்கள். போதாததற்கு, குளிர்கால மின்வெட்டு முறைப்படி ஒரு மணிக்கு எங்கள் பக்கம் கரண்ட் போகும். போனால் சாயங்காலம்தான் வரும். லூபா அம்மாவின் மேஜையில் போர்சோக் என்ற பொரித்த மாவுத் துண்டுகள் தட்டில் தொடப்படாமல் இருந்தன. அக்காவின் முதுகுக்குப் பின்னால் ராத்பெக் கிரீஸ் கையோடு நின்றிருந்தான்.

"பெர்மெத்து, டீ ஆறிப் போச்சு" என்றார் லூபா அம்மா.

"ஆறட்டும்மா."

மஞ்சள் மனிதன் ஐம்பத்தெட்டைத் தாண்டினான். ஐம்பத்தொன்பது ஒரு நீளக் கிணறு. அதில் அவன் விழுந்துகொண்டே இருக்கும்போது அக்காவின் விரல் அவசரப்பட்டுப் பட்டனைத் தட்டியது. பக்கத்துச் சுவரின் முள்ளில் போய்க் குத்திக்கொண்டான்.

"இன்னைக்கு எத்தனையாவது சாவு?" என்று கேட்டேன்.

"முப்பத்தி மூணு" என்றான் ராத்பெக். "நான் எண்ணிட்டுத்தான் இருக்கேன்."

"உனக்கு அங்க ஒரு வண்டி பிரேக் இல்லாம நிக்குது" என்றார் லூபா அம்மா.

"ஓடினாத்தானேம்மா பிரேக்கு? நின்னுட்டுத்தானே இருக்கு."

அக்கா சிரிக்கவில்லை. மறுபடி ஐம்பத்தெட்டு, மறுபடி கிணறு, மறுபடி முள். அவர் கழுத்தில் வியர்வை ஓடியது. அறை ஒன்றும் அத்தனை சூடாக இல்லை. கடிகாரம் பன்னிரண்டு முப்பத்தைந்தைத் தாண்டியது.

ராத்பெக் குனிந்து பார்த்தான். திரையை அல்ல, கையை.

"அக்கா, அந்தக் கை நல்லாத்தானே இருக்கு. என் கையவிட வேகமா ஓடுது."

"பட்டன் தட்டுறது வேற, ஸ்டியரிங் பிடிக்கிறது வேற."

"கயிறு இழுக்கிறதும் வேறயோ?"

மஞ்சள் மனிதன் செத்தான். ராத்பெக்கின் முகம் விழுந்துவிட்டது. வாய் தவறி வந்துவிட்ட வார்த்தை என்பது அவனுக்கே தெரிந்தது.

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "டாக்டர் ரெண்டு வாரம் முன்னாடியே சர்டிபிகேட் குடுத்துட்டாரு. வண்டி எடுக்கலாம்னு. பையிலதான் கெடக்கு."

லூபா அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "எங்கிட்டகூடச் சொல்லலையே?"

"என்னன்னு சொல்ல? பயமா இருக்குன்னா? இருவத்திரண்டு வருசம் ஓட்டினவ, கொம்பு நழுவிருமோன்னு ராத்திரி தூக்கமில்லாம கெடக்கேன்னா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் பட்டனைத் தட்டினார்.

ஐம்பத்தெட்டு தாண்டியது. கிணறு வந்தது. மனிதன் விழுந்தான், விழுந்துகொண்டே இருந்தான். அக்காவின் கட்டைவிரல் பட்டனுக்கு மேலேயே நின்றது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கே தட்டிவிடச் சொல்லிக் கத்த வேண்டும்போல் இருந்தது. முட்கள் இரண்டு பக்கமும் ஓடின. அவர் தட்டவில்லை. அடித்தளம் கண்ணில் பட்ட பிறகுதான் தட்டினார். மனிதன் மெல்லப் புரண்டு மேலே போனான்.

"அடப்பாவி" என்று முணுமுணுத்தான் ராத்பெக். "விட்டுப் பிடிக்கணுமா அத?"

அறுபதில் நகரும் பலகைகள். ஒவ்வொரு புரட்டலுக்கும் இடம் வலம் மாறியது. அக்காவின் உதடு மட்டும் அசைந்தது: இடம், வலம், இடம். ஒரு பலகையின் நுனியில் மனிதன் சறுக்கினான். லூபா அம்மா கண்ணை மூடிக்கொண்டார். அக்கா அவசரப்படவில்லை. அவன் கொஞ்ச தூரம் விழட்டும் என்று விட்டு, அடுத்த பலகையின் அடிப்பக்கத்தில் அவனைப் பிடித்து நிறுத்தினார். இன்னும் மூன்று பலகை. இரண்டு. அப்புறம் ஒரு கதவு.

மனிதன் கதவுக்குள் போனான். பாட்டு இல்லை, வாழ்த்து இல்லை. கறுப்புத் திரையில் மொத்தச் சாவு மட்டும் வந்தது: ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினான்கு. மணி பன்னிரண்டு ஐம்பத்தாறு.

"மிஷின் ஒண்ணுகூட விடாம எண்ணியிருக்கு" என்றார் அக்கா. மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். பிறகு எழுந்து, ஆறிப்போன டீயை நின்றபடியே குடித்தார்.

ராத்பெக் தரையைப் பார்த்துச் சொன்னான்: "அக்கா, நான் சொன்னத மனசுல வச்சுக்காதீங்க."

"நீ சொன்னதுல என்ன தப்பு?" அவர் லூபா அம்மா பக்கம் திரும்பினார். "புதன்கிழமை டூட்டி சார்ட்ல என் பேரப் போடுங்கம்மா."

"எந்த ரூட்டு?"

அக்கா கொஞ்சம் யோசித்தார். "திருப்பம் கம்மியா இருக்கற ரூட்டா பாத்துப் போடுங்க."

லூபா அம்மா சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

புதன்கிழமை காலை அவர் வண்டிக்கு இரண்டு வண்டி பின்னால் நான் போனேன். எல்லாத் திருப்பத்திலும் ஆமைபோல் ஊர்ந்தார். நான் நான்கு நிமிடம் தாமதமானேன். பயணிகள் என்னைத் திட்டினார்கள். முதல் சுற்று முடிந்து நின்றபோது போய், "எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டேன்.

"கை நல்லாருக்கு" என்றார். "கால்தான் நடுங்குது. ஹாரன் அடிக்காம பின்னாடியே வா, சபீர்."

சாயங்காலத்துக்குள் தாமதம் ஒரு நிமிடமாகக் குறைந்திருந்தது.