பூவைப் பார்க்காத பாண்டிசெல்வி

செடியைக் கண்டதும் பாண்டிசெல்வி பூவைத் தொடுவதில்லை. ஒரு காம்பைக் கிள்ளி, பையிலிருந்து எடுத்த கறுப்பு அட்டையின் மேல் வைத்து, காம்பிலுள்ள முடி தெரிய வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடிப்பாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் கடிகாரம் பழுது பார்ப்பவரிடம் அடம்பிடித்து வாங்கிய பூதக்கண்ணாடி வலது கண்ணில் ஏறும். கூட வந்தவர்கள் அந்த நேரம் பேசக் கூடாது. "முடி குட்டை. படுத்துக் கெடக்கு. இது அது இல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த செடிக்குப் போய்விடுவாள். 'எது, எது இல்லை?' என்று யாராவது துணிந்து கேட்டால்தான் விளக்கம் கிடைக்கும்.

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் தரப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கறுப்புப் பலகையில் நூலைச் சுற்றி, எங்கே தடித்திருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது, எங்கே பிசிறு நிற்கிறது என்று குறை கண்டுபிடிப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். அந்தப் பழக்கம் ஆலை வாசலோடு நிற்கவில்லை. கல்யாண வீடுகளில் பட்டுப்புடவையைத் தடவிப் பார்த்து உள்ளதைச் சொல்லிவிடுவாள். அதனால் சொந்தக்காரப் பெண்கள் அவளை விட்டு இரண்டு வரிசை தள்ளியே உட்காருகிறார்கள். அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது.

செடிப் பைத்தியம் பிடித்தது அய்யனார் கோவில் சாலையில் காலை நடைக்குப் போகத் தொடங்கிய பிறகு. அங்கே நடக்கிறவர்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள். கைப்பேசியில் படம் எடுத்து, அது சொல்லும் பெயரை அப்படியே நம்பிக்கொண்டிருந்த கூட்டம். இலையும் மஞ்சள் பூவும் ஒன்றுபோல இருந்ததால் அவர்கள் ஒரே பெயரில் அழைத்துவந்த குறுந்தொட்டியை இவள் பிரித்துப் போட்டாள். தரையில் படர்வது வேறு, விறைப்பாக நிமிர்வது வேறு, தொட்டால் வெல்வெட்டாக இருப்பது வேறு. அன்றிலிருந்து அவள் சொன்னால் சொன்னதுதான். சந்தேகம் என்பது அடுத்தவர்களுக்கு வருகிற வியாதி என்றே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"பூவு மினுக்கும். காம்புல உள்ள முடிக்கு மினுக்கத் தெரியாது" என்பாள். குழுவிலிருக்கும் ஜாஸ்மின் டீச்சர் ஒருமுறை, "பூவையும் ஒரு தடவ பாத்துட்டுத்தான் சொல்லேன்" என்றார். "பூவப் பாத்துச் சொல்லுததுக்கு நான் எதுக்கு டீச்சர்? கண்ணு உள்ள யாரும் சொல்லிருவாவளே" என்று பதில் வந்தது.

போன மாதம், கண்மாய்க்கரையை ஒட்டிய மேட்டைச் சுத்தம் செய்து மரக்கன்று நடலாம் என்று குழு முடிவு செய்தது. தலைவர் முத்துவீரன் ஓய்வு பெற்ற சப்-இன்ஸ்பெக்டர். விசாரிக்காமல் எதையும் செய்யமாட்டார். "அங்க ஏதும் விசேசமான செடி கெடக்கான்னு பாத்துச் சொல்லும்மா" என்று பாண்டிசெல்வியை அனுப்பினார். அப்போது அவளுக்கு மதிய ஷிப்ட். காலை வெயிலில் மேடு முழுக்கக் குனிந்து நடந்தாள். எங்கு பார்த்தாலும் துத்தி, பூவெல்லாம் மூடிக் கிடந்தது. சில காம்புகளில் முடி நீளமாக இருந்தது, விரலில் லேசாகப் பிசுபிசுத்தது. "எளங்குருத்து, மழைக்கு வளந்துருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு விரலைத் துப்பட்டாவில் துடைத்தாள்.

"எல்லாம் ஒரே துத்திதான் அண்ணாச்சி. ரோட்டோரம் எம்புட்டும் கெடக்கு. தாராளமா எடுங்க."

அவளே சொல்லிவிட்ட பிறகு வேறு யாரும் போய்ப் பார்க்கவில்லை.

இந்த வாரம் ஆலையில் ஷிப்டை மாற்றினார்கள். காலையில் போய் மாலையில் திரும்பலானாள். மண் அள்ளும் இயந்திரம் வரவிருந்ததற்கு முந்தைய நாள், வேலை முடிந்து வருகிற வழியில் ஸ்கூட்டியை மேட்டோரம் நிறுத்தினாள். துத்தி சாயங்காலம் பார்த்துத்தான் விரியும். அது அவளுக்குத் தெரியாததல்ல, ஆனால் இந்த மேட்டை அந்த நேரத்தில் அவள் பார்த்ததே இல்லை. எல்லாம் மஞ்சளாக விரிந்திருந்தது. நடுவில் கொஞ்சம் செடிகளில் மட்டும், ஒவ்வொரு பூவுக்குள்ளும் அடர்சிவப்பாக ஒரு வட்டம். சிவப்பு இருந்த செடியிலெல்லாம் காம்பு பிசுபிசுத்தது. மற்றதில் இல்லை. கறுப்பு அட்டையை எடுக்க வேண்டிய தேவையே வரவில்லை. இந்த வட்டாரத்தில் இத்தனை நாள் சுற்றியும் இந்த இன்னொரு துத்தியை அவள் வேறெங்கும் கண்டதில்லை. விரலுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது, வாய்தான் முந்திக்கொண்டது.

போன் போட்டதும் முத்துவீரன் வந்துவிட்டார்.

"நீதானம்மா ஒண்ணும் இல்லன்னே?"

"ஆமா, சொன்னேன். தப்பு. இங்க ரெண்டு வகை இருக்கு."

அவரும் ஒரு காம்பைத் தேய்த்துப் பார்த்தார், அப்புறம் இன்னொன்றை. "பிசுக்குன்னுதான் இருக்கு. இதுக்குப் பேரு என்ன?"

"காய் முத்தட்டும். ஒப்பிட்டுப் பாத்துட்டுப் பொறவு சொல்லுதேன். ஆனா வேற வகைங்கிறத இப்பமே சொல்லுதேன்."

நல்ல மனிதர். கன்றுகளைக் கரைக்கு அந்தப் பக்கம் நட்டுக்கொள்ளலாம் என்று உடனே சம்மதித்தார். கூடவே குரலைத் தாழ்த்தி ஒரு யோசனையும் சொன்னார். "குரூப்புல, அடியில பாறை இருக்குன்னு போட்டுருதேன். ஒன் பேரு எதுக்குக் கெடணும்? இனிமே நீ எதச் சொன்னாலும் நம்பமாட்டாவ."

யார் யார் சிரிப்பார்கள், எப்படிச் சிரிப்பார்கள் என்பது வரை பாண்டிசெல்வியால் யூகிக்க முடிந்தது. இனி அவள் கிள்ளிப் பார்க்கும் ஒவ்வொரு காம்புக்கும் பின்னால் இந்தத் துத்தியை இழுப்பார்கள்.

"பாறைன்னு சொன்னா, அடுத்த வருசம் பாறை ஒடைக்க மெசினு கொண்டாருவாவ அண்ணாச்சி. நான் தப்பாச் சொல்லிட்டேன்னு சொன்னாத்தான் இது நிக்கும்."

கைப்பேசியில் குழுவைத் திறந்து, மைக்கின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். விரலை எடுத்த நொடியில் பேச்சு குழுவுக்குப் போய்விடும். 'இந்த நூலை அனுப்பாதீங்க' என்று மேலாளரிடம் சொல்லுகிற அதே குரல்.

"பாண்டிசெல்வி பேசுதேன். கண்மாய் மேட்டுத் துத்தியப் பத்தி நான் சொன்னது தப்பு. பூவப் பாக்காமச் சொல்லிட்டேன். அங்க ரெண்டு வகை இருக்கு. யாரும் அத எடுக்கப்படாது. நாளைக்குச் சாயங்காலம் எல்லாரும் வாங்க, காட்டுதேன்."

"ஒரு தடவ யோசிச்சிட்டு அனுப்பும்மா" என்றார் முத்துவீரன்.

அவள் கட்டைவிரலைத் தூக்கினாள்.