எழுபத்திரண்டு கிலோவுக்கு வாங்கிய பலகை

அந்தப் பலகை இன்னும் எங்கள் வீட்டுக் கூடத்தில் பீரோவுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. நூற்று நாற்பத்திரண்டு சென்டிமீட்டர். வருகிறவர்கள் எல்லாம் "இன்னாது இது, இஸ்திரி போடற பலகையா?" என்று கேட்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வேக்போர்டு என்றால் என்னவென்று எத்தனை பேருக்குத்தான் சொல்வது? மோட்டார் படகு கயிற்றால் இழுக்க, கால்களைப் பலகையில் மாட்டிக்கொண்டு தண்ணீர்மேல் நின்றுகொண்டே போவது. அவ்வளவுதான்.

எனக்கு அது விளையாட்டு இல்லை. வடமாலபேட்டையிலிருந்து ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்கு ஆறு வருடமாகக் கம்பெனி பஸ்ஸில் போய் வந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது. அப்போதுதான் புத்தூர் பக்கம் ஒரு ஏரிக்கரை ரிசார்ட்டில் பயிற்சியாளருக்கு ஓர் உதவியாள் வேண்டும் என்றார்கள். வீட்டிலிருந்து பைக்கில் கால் மணி நேரம். அந்த வேலைக்காக நான் எதையும் செய்யத் தயாராக இருந்தேன். நாலு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய், அவர்களுடைய பழைய பலகையில் எழுந்து நிற்கப் பழகினேன்.

பயிற்சியாளர் சித்தூர்க்காரர், தெலுங்கும் தமிழும் கலந்துதான் பேசுவார். "செலக்ஷனுக்கு சொந்த போர்டு எடுத்துனு வா தம்முடு. இங்க இருக்கறது கஸ்டமருக்கு. ஹைட்டு பாக்காத, வெயிட்டு பாத்து வாங்கு" என்றார்.

இணையத்தில் அட்டவணை இருந்தது. எடை கூடக் கூடப் பலகையின் நீளமும் கூடும். புதிதாகக் கற்பவர்களுக்கு அடிப்பக்கம் சீராக வளைந்த பலகை, தேறியவர்களுக்கு அலையில் எகிற விடுகிற பலகை. நாலு ஞாயிற்றுக்கிழமை நின்றவனுக்குத் திமிர் கூடாது என்று சீரான வளைவையே எடுத்தேன். அதில் நான் புத்திசாலி. கோட்டை விட்டது எடையில்.

என் எடை எழுபத்திரண்டு. வீட்டில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். இரண்டு வருடத்துக்கு முன் டைபாய்டில் படுத்து எழுந்ததும், அம்மா வேண்டுதல்படி திருமலையில் துலாபாரம் கொடுத்தோம். என் எடைக்கு எடை வெல்லம். எழுபத்திரண்டு கிலோ. சாமி தராசு, அதில் சந்தேகம் வருமா? ரிசார்ட்டின் பழைய பலகை நூற்று முப்பத்திநாலுதான். அது என் எடைக்குப் பத்தாத பலகை என்று நானே தீர்மானித்து, நூற்று நாற்பத்திரண்டு வாங்கினேன். எவ்வளவு அறிவு பாருங்கள்!

தேர்வு அன்று இரண்டு தடவை வாய்ப்பு. ஏரி நடுவில் மிதக்கும் சிவப்பு உருளையைச் சுற்றி, விழாமல் கரைக்குத் திரும்ப வேண்டும். எழுந்து நின்றுவிட்டேன். ஆனால் திருப்பம் வந்ததும் பலகை என் பேச்சைக் கேட்கவில்லை. குதிகாலை எவ்வளவு அழுத்தினாலும் அதன் விளிம்பு தண்ணீரில் இறங்காமல், அது பாட்டுக்கு நேராக வழுக்கிக்கொண்டு போனது. விழுந்தேன். இரண்டாவது தடவையும் அதே இடத்தில், அதே மாதிரி. எனக்குப் பிறகு வந்த ரேணிகுண்டாக்காரன் குட்டிப் பலகையில் அலட்டிக்கொள்ளாமல் சுற்றி வந்தான். வேலை அவனுக்கு.

பயிற்சியாளர் என் பலகையைப் புரட்டிப் பார்த்தார். "அரே, இது எழுபது கிலோ ஆளுக்குப்பா" என்று சொல்லி, படகில் ஏறுகிறவர்களை நிறுக்கும் மிஷினில் என்னை நிற்க வைத்தார். ஐம்பத்தாறு. இறங்கி மறுபடி ஏறினேன். அப்போதும் ஐம்பத்தாறு.

நேராக வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கத்தினேன். "எழுபத்திரெண்டுன்னு எவன் சொன்னான் உனக்கு?"

"அன்னைக்கு நீ தராசுல குந்தினப்போ அம்பது கூட இல்லடா" என்றாள் அம்மா. "எலும்பும் தோலுமா இருந்த. அந்த எடைக்கா சாமிக்கு வெல்லம் குடுப்பாங்க? நல்லா தேறினா எவ்ளோ இருப்பியோ, அவ்ளோ வெக்கச் சொன்னேன்."

"அத்த எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா? ரெண்டு வருசமா ஊரெல்லாம் எழுபத்திரெண்டு எழுபத்திரெண்டுன்னு சொல்லிக்கினு திரிஞ்சியே!"

"சொல்லிக்கினே இருந்தா ஒடம்புல சத போடும்னு சொன்னேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். "உன்னாலதாம்மா எனக்கு வேல போச்சு! பலகை மேல நிக்க முடியாம ஏரியில விழுந்து எழுந்து வர்றேன்."

அம்மா என் ஈரச் சட்டையைப் பிடுங்கிக் கொடியில் போட்டாள். திரும்பி நின்று சொன்னாள்: "நீ பொழச்சி எழுந்தா போதும்னுதான் வேண்டிக்கினேன். தண்ணி மேல நிக்கணும்னா வேண்டிக்கினேன்?"

பலகையைக் கொண்டுபோய்ப் பீரோவுக்குப் பக்கத்தில் சாத்தினேன். கோபம் மட்டும் போகவே இல்லை. மறுநாள் திங்கட்கிழமை, ஐந்தே காலுக்கெல்லாம் ஸ்ரீசிட்டி பஸ்ஸுக்குப் போய் நின்றேன்.