சிலுவைப் போருக்கு அம்மா செய்த செக்கிங்

எட்டாம் வகுப்பில் நான் சுல்தானாக இருந்தேன். ஜெருசலேம் நகரமே என் கையில் இருந்தது. வீரபாண்டியில் எங்கள் பள்ளி மைதானத்து மேடையில், கால் மணி நேரத்துக்குத்தான் என்றாலும், அந்தப் பெருமையை இன்றுவரை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

ஆண்டு விழாவில் சிலுவைப் போரை நாடகமாகப் போட வேண்டும் என்பது எங்கள் சரித்திர டீச்சரின் ஆசை. எங்களுடையது பெண்கள் பள்ளி. வகுப்பிலேயே உயரமானவள் இங்கிலாந்து ராஜாவானாள். சுல்தானுக்கு உயரம் வேண்டாம், தொண்டைதான் வேண்டும் என்று சொல்லி டீச்சர் என்னைப் பிடித்துப் போட்டார். பல்லடத்தில் பவர்லூம் ஓட்டிய குடும்பம் எங்களுடையது. தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியே வளர்ந்தவர்களுக்கு மைக் எதற்கு?

வருடா வருடம் நாடகக் கோப்பையை ஒன்பதாம் வகுப்பு தூக்கிக்கொண்டு போகும். இந்த முறை விடுவதில்லை என்று நாங்கள் சபதம் போட்டிருந்தோம். எங்கள் நம்பிக்கையெல்லாம் கடைசிக் காட்சியில் இருந்தது. வருடக் கணக்கில் அடித்துக்கொண்டு களைத்துப்போன இரண்டு படைகளும் எதிரெதிரே நிற்கும். நகரம் சுல்தானிடமே இருக்கட்டும், கிறிஸ்தவர்கள் ஆயுதமில்லாமல் வந்து கும்பிட்டுப் போகட்டும் என்று சமாதானம் ஆகும். உண்மையில் அந்த ராஜாவும் சுல்தானும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லையாம். டீச்சர் பெரிய மனது பண்ணிச் சந்திக்க வைத்தார். அப்போது நான் சொல்ல வேண்டும்: “ராஜாவே, என் வீரர்களின் உடையைப் பாரும். இன்னும் இரத்தம் காயவில்லை.” ஒரு மாதம் இதை வீட்டில் கத்திக் கத்தி, சாம்பாருக்குத் தாளிக்கும் அம்மாவுக்கே மனப்பாடமாகிவிட்டது.

உடைக்கு இருபது வெள்ளைப் பனியன்களை டீச்சர், ஏற்றுமதியில் கழித்ததை விற்கும் செகண்ட்ஸ் கடையில் வாங்கினார். வெள்ளைக்காரர்கள் அளவுக்குத் தைத்தவை என்பதால் எங்களுக்கு முழங்காலைத் தொட்டன. பத்துக்குச் சிவப்புத் துணியில் சிலுவை, பத்துக்குப் பச்சைத் துணியில் பிறை வைத்துத் தைத்தார். பிறகு நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து பிளேடால் கிழித்து, சிவப்பு மையைத் தெளித்து, ஆசை தீர யுத்தம் செய்தோம். என் வீடு பள்ளிக்கு அருகில் இருந்ததால் மூட்டையை என்னிடம் கொடுத்து வைத்தார்கள்.

அங்கேதான் வினை வந்தது. அம்மா ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். தைத்து வரும் பனியனை மேசையில் விரித்து, ஓட்டையோ கறையோ பிசிறோ எங்கே இருக்கிறதோ அந்த இடத்தைக் காட்டும்படி சிறிய சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் வேலை. அம்மாவின் மேசையைத் தாண்டிய எந்தப் பனியனும் திரும்பி வந்ததில்லை என்று சூப்பர்வைசரே சொல்வார்.

விழா நாள் காலையில் மூட்டையைக் காணவில்லை. அம்மா கம்பெனிக்கு எடுத்துப் போயிருந்தாள். சாயங்காலம் நேராகப் பள்ளிக்கே கொண்டுவந்தாள். இஸ்திரி போட்டு, மடித்து, ஒவ்வொன்றும் ஒரு பாலிதீன் கவரில். சாப்பாட்டு நேரத்தில், கறை நீக்கும் மருந்தை ஸ்ப்ரே கன்னால் அடித்துக் கறை எடுத்து, கிழிசல்களை மூட்டியிருந்தார்கள். பிறை போட்டவற்றை அம்மாவும், சிலுவை போட்டவற்றை எதிர் மேசை பாத்திமா அக்காவும் பங்கு பிரித்துக்கொண்டார்களாம்.

டீச்சர் ஒவ்வொரு கவராகப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். அம்மா அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டாள்.

“இத்தனை டேமேஜோட எம்பட கையத் தாண்டி ஒரு பீஸ் போனதில்லீங்க டீச்சர்.”

டீச்சர் பிளேடை எடுத்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிளேடைக் கீழே வைத்துவிட்டார். நான் அழுதுகொண்டே அம்மாவிடம் சண்டை போட்டேன், மானத்தை வாங்கிவிட்டாய் என்றேன். அம்மா என் கண்ணைத் துடைத்தாள்.

“சண்டதான் முடிஞ்சு போச்சுல்ல கண்ணு? அந்தச் சிப்பாய்க ஊட்டுலயும் அம்மா இருப்பா. கறை எடுத்து, தெச்சுக் குடுக்க மாட்டாளா?”

அதைக் காதில் வாங்கும் நிலையில் நான் இல்லை. எங்கள் வகுப்பை மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கடைசிக் காட்சி வந்தது. சாகக் கிடக்கும் வீரர்கள் பளபளவென்று வந்து நின்றார்கள். மடிப்புக்கூடக் கலையவில்லை. பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் கம்பெனிக்காரர்கள். “ஃபர்ஸ்ட் குவாலிட்டிங்க, அப்படியே பேக் பண்ணீரலாம்” என்று முன்வரிசையில் ஒருவர் சொல்ல, மைதானமே சிரித்தது. ராஜா என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். இரத்தம் என்று சொல்ல முடியாது. எங்கிருந்தோ வேறு வசனம் வந்தது.

“ராஜாவே, என் வீரர்களின் உடையைப் பாரும். சண்டை முடிந்ததென்று இவர்களின் அம்மாக்கள் கறை எடுத்து, கிழிசல் தைத்து அனுப்பியிருக்கிறார்கள். உம் வீரர்களின் உடையும் அப்படித்தான் இருக்கிறது. இனி இதில் இரத்தம் பட வேண்டாம்.”

சிரிப்பு நின்றது. ராஜா அட்டைக் கத்தியை மெதுவாகக் கீழே வைத்தாள். அதன் பிறகு எழுந்த கைதட்டல் பெண்கள் பக்கத்திலிருந்துதான் முதலில் வந்தது.

கோப்பை எங்களுக்கே. தலைமையாசிரியை என் தோளைத் தட்டி, அந்த வசனத்தை யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார்.

“நானா யோசிச்சதுங்க டீச்சர்” என்றேன்.

பக்கத்தில் அம்மா நின்றாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கைமடிப்பில் தொங்கிய ஒரு பிசிறைப் பிடித்து, பையிலிருந்த நூல் வெட்டும் ட்ரிம்மரால் நறுக்கிவிட்டாள். அவள் கண்ணுக்கு நூல்தான் தெரிகிறது என்று நான் நினைத்தேன்.

அந்தக் கோப்பை இன்னும் எங்கள் வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. வருகிறவர்களிடமெல்லாம் என் மகள் சொந்தமாக யோசித்துப் பேசி வாங்கியது என்று அம்மா காட்டுவாள். நானும் பல வருடம் கூச்சமே இல்லாமல் பக்கத்தில் நின்றிருக்கிறேன். இருபது பனியனில் ஒரு பிழையையும் விடாத அம்மா, அன்று என் பிழையை மட்டும் நன்றாகப் பார்த்த பிறகும் ஸ்டிக்கர் ஒட்டாமல் பாஸ் பண்ணி அனுப்பிவிட்டாள் என்பது ஜெருசலேமை ஆண்ட சுல்தானுக்கு அப்போது புரியவில்லை.