மேகமலையில் பெட்ரோல் பங்க் கிடையாது

மேகமலைக்குப் போக இருப்பவர்கள் மீதியைப் படிக்காவிட்டாலும் இந்தத் தலைப்பையாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே பெட்ரோல் பங்க் கிடையாது. மருந்துக் கடை கிடையாது. சின்னமனூரிலிருந்து ஏறும் பாதை சிறிய கார்களுக்கு ஏற்றதும் கிடையாது. இந்த மூன்றும் உண்டு என்று போன நவம்பரில் இதே பக்கத்தில் ஒருத்தி எழுதியிருந்தாள். அவள் நான்தான். அந்தப் பதிவை எடுத்துவிட்டேன். காரணம் சொல்லாமல் எடுப்பது கோழைத்தனம் என்பதால் இதை எழுதுகிறேன். பயணம் முடிந்து மூன்று வாரம் ஆகிறது, இன்னும் கோபம் அடங்கவில்லை. எழுத்தில் அது தெரிந்தால் தெரியட்டும்.

எல்லாம் ஒரு வழிகாட்டிப் புத்தகத்தில் ஆரம்பித்தது. திருச்சி பஸ் நிலையத்துக் கடையில் 195 ரூபாய்க்கு வாங்கினேன். தென்மாவட்ட மலைச்சாலைகளின் வரலாறு, பாறைகள், மரம், பறவை, வழி, தூரம் எல்லாம் ஒரே புத்தகத்தில். பளபளப்பான தாள், வண்ணப் படங்கள். பெயரைச் சொல்ல மாட்டேன், அதுவே விளம்பரமாகிவிடும். நான் நிலவியல் படித்துவிட்டு வங்கியில் வேலை பார்ப்பவள். பாறையைப் பற்றித் தமிழில் யாராவது நாலு வரி எழுதியிருந்தால் வாங்காமல் இருக்க முடியாது.

மேகமலை அத்தியாயத்தில், அங்கிருக்கும் ஏரி "அணைந்துபோன எரிமலையின் வாயில் தேங்கிய நீர்" என்று போட்டிருந்தது. படித்ததும் சிரித்தேன். அந்த மலையில் எரிமலை ஏது? பூமியின் அடியாழத்தில் வெந்து இறுகிய பழைய பாறை அது. ஏரி என்பது மின்சாரத்துக்காக அணை கட்டித் தேக்கிய தண்ணீர். அதனால் பயணத்துக்கு முன்னோட்டமாக நவம்பரில் பதிவு எழுதியபோது, எரிமலையை மட்டும் வெட்டிவிட்டு மற்றதை எல்லாம் அப்படியே என் நடையில் எழுதிப் போட்டேன். சாலை, பெட்ரோல், மருந்துக் கடை, "ஏற இரண்டே மணி நேரம்", எல்லாம். ஒரு பக்கத்தில் கூசாமல் பொய் சொல்கிற புத்தகம் அடுத்த பக்கத்தில் உண்மை சொல்லும் என்று எப்படி நம்பினேன்? எனக்குத் தெரிந்த விஷயத்தில் அது தப்பு என்று தெரிந்தது. தெரியாத விஷயத்தில் அது சரியாக இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

டிசம்பர் மூன்றாவது சனிக்கிழமை திருச்சியிலிருந்து கிளம்பினோம், நானும் என் கணவர் செந்திலும். எங்கள் பழைய சின்ன கார். திண்டுக்கல், வத்தலக்குண்டு, பெரியகுளம் வழியாகத் தேனி. என் கார் மீட்டரில் 182 கிலோமீட்டர். தேனியில் லாட்ஜ் 450 ரூபாய், வெந்நீர் காலை ஆறு முதல் ஏழு வரை மட்டும். மறுநாள் ஞாயிறு. 6.10க்குக் கிளம்பி, வீரபாண்டி தாண்டி, 6.50க்குச் சின்னமனூர். இட்லி, காபி. அங்கிருந்து மலையடிவாரச் சோதனைச்சாவடிக்கு வந்தபோது மணி 7.45. நோட்டில் வண்டி எண்ணை எழுதிக்கொண்ட காவலர் காரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"இதுலயா போறீக?" என்று கேட்டார்.

"ரோடு நல்லா இருக்குன்னு புக்ல போட்டிருக்கே," என்றேன். புத்தகத்தைத் தூக்கியும் காட்டினேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

"புக்குல போட்டிருந்தா சரிதான்," என்று சொல்லிவிட்டுக் கம்பைத் தூக்கினார்.

முதல் நாலைந்து வளைவுகள் வரை தார் இருந்தது. பிறகு தார் இருந்த தடம் இருந்தது. அதன் பிறகு கல்தான். மலையை வெட்டிய இடங்களில் நீலச் சாம்பல் நிறப் பாறை ஈரத்தில் மின்னியது. வேறு நாளாக இருந்தால் இறங்கிக் கையால் தடவிப் பார்த்திருப்பேன். பதினோராவது வளைவில், 9.15க்கு, அடியில் ஒரு கல் இடித்தது. சத்தம் எனக்குப் பல்லில் கேட்டது. செந்தில் குனிந்து பார்த்துவிட்டு, "ஆயில் ஒழுகுது. ஸ்டார்ட் பண்ணாத," என்றார். செல்போனில் சிக்னல் இல்லை.

அரை மணி நேரத்தில் கீழேயிருந்து ஒரு ஜீப் வந்தது. எஸ்டேட் குடியிருப்புகளுக்கு அரிசியும் காய்கறியும் ஏற்றிப் போகிற ஜீப். ஓட்டியவர் உத்தமபாளையத்துக்காரர், காதர் பாய், ஐம்பது வயது இருக்கும். இறங்கிப் பார்த்தார். திட்டவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. மூன்று பேருமாகக் காரைத் தள்ளி ஓரமாக விட்டோம். அந்த வளைவில் ஓரம் என்பதே இரண்டடிதான்.

"மேல போய்ச் சரக்க இறக்கிட்டு, திரும்பி வரயில உங்களக் கீழ விட்டுர்றேன். சின்னமனூர்ல மெக்கானிக் இருக்காக, கூட்டிட்டு வந்துரலாம். இங்கனயே உக்காந்திருக்காதீக, ஆனை நடமாட்டம் உள்ள எடம்," என்றார்.

அரிசி மூட்டைகள் மேல் உட்கார்ந்து போனோம். மேகமலை உச்சியில் உள்ள ஹைவேவிஸ் என்ற ஊரின் கடைத்தெருவில் இறங்கியபோது 11.20. கடைத்தெரு என்றால் சில கடைகள், அவ்வளவுதான். மேகம் தரையில் இறங்கி, எதிரில் இருந்த தேயிலைச் சரிவு தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. நல்ல குளிர்.

டீக்கடை முன்னால் ஒரு பைக்கைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். பெஞ்சில் அவர் மகள், ஒன்பது வயதுச் சிறுமி. இரண்டு கையையும் பெஞ்சில் ஊன்றி, தோள்கள் ஏறி இறங்க மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். இழுப்பு. ஒவ்வொரு மூச்சுக்கும் விசில் மாதிரி ஒரு சத்தம். டீக்கடைக்கார அம்மா அவளுக்கு வெந்நீர் ஆற்றிக்கொண்டே அவரைச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"பங்கா? இங்கனயா? யாருய்யா சொன்னாக உனக்கு? மருந்து வேணும்னா சின்னமனூர்தான் போகணும். எஸ்டேட் ஆஸ்பத்திரி ஞாயித்துக்கெழம பூட்டிருக்கும்."

"இதுல போட்டிருக்கே ஆத்தா," என்று அவர் சட்டைப்பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்தார். "பெட்ரோல் பங்க், மருந்துக் கடை எல்லா வசதியும் உண்டுன்னு தெளிவாப் போட்டிருக்கு. பாப்பா இழுப்புக்கு உறிஞ்சுற பஃப் காலைல தீந்துபோச்சு. மேல வாங்கிக்கிடலாம்னுதான் வந்தேன்."

தாளின் மேலே இந்த வலைப்பதிவின் பெயர் இருந்தது. சாத்தூரில் ஒரு பிரவுசிங் சென்டரில், பக்கத்துக்கு ஐந்து ரூபாய் கொடுத்து அச்செடுத்திருக்கிறார். மருந்துக் கடை என்ற வரிக்கு அடியில் பேனாவால் கோடு போட்டிருந்தார். செந்தில் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

காதர் பாய் பாதிச் சரக்கைத்தான் இறக்கியிருந்தார். சிறுமியை ஒரு தடவை பார்த்ததும் மீதியைக் கடை வாசலிலேயே போட்டுவிட்டு, "ஏறுங்க எல்லாரும்," என்றார். பைக்கை அங்கேயே விட்டோம். 11.45க்குக் கிளம்பினோம். முன் சீட்டில் நான், என் மடியில் அந்தப் பெண். பெயர் பவித்ரா. பின்னால் அவள் அப்பா ஜெயபாண்டியும் செந்திலும்.

அவளை நிமிர்த்தி உட்கார வைத்து, முதுகைத் தாங்கிக்கொண்டேன். குழிகளில் ஜீப் துள்ளும்போதெல்லாம் அவள் மூச்சு அறுந்து, பிறகு ஒட்டிக்கொண்டது. அவள் அழவில்லை. அழுவதற்கு மூச்சு வேண்டுமே. "அப்பா இருக்காங்களா?" என்று மட்டும் இரண்டு முறை, ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டாள்.

பதினோராவது வளைவில் நின்றோம். கீழேயிருந்து வந்த பஸ் திரும்ப முடியாமல் நின்றது. திரும்ப விடாமல் நின்றது என் கார். பஸ்ஸிலிருந்தவர்கள் இறங்கி, யார் வண்டி இது என்று கத்திக்கொண்டிருந்தார்கள். "என்னுதுதான்," என்று ஜீப்பிலிருந்தே சொன்னேன். காதர் பாய் இறங்கி ஓடி, "பச்சப்புள்ளைக்கு மூச்சு முட்டுதுய்யா, பேச்ச விட்டுட்டுத் தூக்குங்க!" என்று ஒரு சத்தம் போட்டார். பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து காரை அலாக்காகத் தூக்கிப் பாறையை ஒட்டி வைத்தார்கள். இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் பவித்ராவின் உதட்டு ஓரம் நீலம் பாரிப்பதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

2.05க்குச் சின்னமனூர். ஒரு சிறிய தனியார் மருத்துவமனை. முகத்தில் மூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள். முக்கால் மணி நேரத்தில் விசில் சத்தம் குறைந்தது. டாக்டர் ஜெயபாண்டியிடம், "இன்னும் ஒரு மணி நேரம் கழிச்சு வந்திருந்தா நான் தேனிக்குத்தான் அனுப்பியிருப்பேன், போய்ச் சேர்றது உங்க அதிர்ஷ்டம்," என்றார்.

வராந்தாவில் வைத்து அவரிடம் சொன்னேன். "அந்தத் தாள் நான் எழுதினதுங்க."

அவருக்கு முதலில் புரியவில்லை. தாளை எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நீங்க அங்க போயிருக்கீகளா, இதுக்கு முன்னால?"

"இல்ல. இன்னைக்குத்தான் முதல் தடவை."

"நேர்ல பாக்காமலா இம்புட்டும் எழுதுனீக?"

புத்தகத்தைக் காட்டினேன். அதிலிருந்துதான் எடுத்தேன் என்றேன். சொல்லும்போதே அந்த வார்த்தைகள் எவ்வளவு கேவலமாக இருந்தன என்று எனக்குக் கேட்டது. அவர் புத்தகத்தை வாங்கவில்லை. உள்ளே போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

புத்தகத்தைக் காதர் பாய்தான் வாங்கிப் புரட்டினார். கம்பம் பள்ளத்தாக்கு வரலாறு என்ற பக்கத்தில் நின்றார். இங்குள்ள முஸ்லிம்கள் "அண்மைக் காலத்தில் ஏலக்காய் வியாபாரத்துக்காகக் கேரளத்திலிருந்து வந்து குடியேறியவர்கள்" என்று போட்டிருந்தது. அந்த நாளில் முதல் தடவையாக அவர் முகம் மாறியது.

"எங்க பாட்டனுக்குப் பாட்டன் உத்தமபாளையத்துல நெல்லு நட்டவரு. பள்ளிவாசலுக்குப் பின்னாடிதான் அடக்கம் பண்ணிருக்கு. இவுக எங்கன வந்து யாரக் கேட்டாக? ஒரு டீ குடிச்சிட்டு ரெண்டு பேருட்ட விசாரிச்சிருந்தாக் கூட சொல்லிருப்போமே," என்றார். பக்கத்தை மூடாமல் அப்படியே என் கையில் கொடுத்தார். ஏறும்போது ஆளுக்கு அறுபது ரூபாய் என்று வாங்கியவர், இறங்கியதற்குக் காசு வாங்கவில்லை.

மறுநாள், மெக்கானிக் காரைப் பார்க்கப் போயிருந்த நேரத்தில், புத்தகத்தில் இருந்த பதிப்பக எண்ணுக்குத் தேனியிலிருந்து பேசினேன். எடுத்தவர் பொறுமையாகக் கேட்டார். இதை எழுதியவர் மேகமலைக்குப் போயிருக்கிறாரா என்று கேட்டேன்.

"அவருக்கு மலைப்பாதைன்னாலே வாந்தி வரும் மேடம். பழைய புக், நெட்டு எல்லாம் பாத்துத் தொகுத்துக் கொடுத்தாரு. அடுத்த பதிப்புல திருத்திடலாம், ஒரு மெயில் போட்டுவிடுங்க."

ஒரு குழந்தை கிட்டத்தட்ட மூச்சு நின்று போக இருந்தது என்றேன். "அச்சச்சோ," என்றார். பிறகு, புத்தகம் நன்றாகப் போகிறது, மூன்றாவது அச்சு என்றார். நான் போனை வைத்த வேகத்தில் லாட்ஜ் வரவேற்பறையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பதிவை எடுத்தேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். பிறகு என் வரி ஒன்றைத் தேடுபொறியில் போட்டுப் பார்த்தேன். ஐந்து வலைப்பதிவுகளில் அது அப்படியே இருந்தது, நான் விட்ட எழுத்துப்பிழையோடு. ஐவருக்கும் எழுதினேன். இருவர் எடுத்துவிட்டார்கள். இருவரிடமிருந்து பதில் இல்லை. ஐந்தாமவர், "பயனுள்ள தகவல் சகோதரி, பகிர்ந்தது தப்பா?" என்று கேட்டிருக்கிறார். ஆமாம் தம்பி, தப்புதான். நான் செய்த அதே தப்பு. பதிவு இன்னும் அங்கேயே இருக்கிறது.

போன வாரம் ஜெயபாண்டிக்குப் போன் செய்தேன். "பாப்பா பள்ளிக்கூடம் போறா," என்றார். அவ்வளவுதான், போனை வைத்துவிட்டார்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. இவை நான் பார்த்தவை. ஜீப் அல்லது தரையிலிருந்து நல்ல உயரமுள்ள வண்டி இல்லாமல் ஏறாதீர்கள். சின்னமனூரிலிருந்து பஸ்ஸும் ஓடுகிறது, நேரத்தை அன்றன்று பஸ் நிலையத்தில் கேளுங்கள். பெட்ரோலைச் சின்னமனூரிலேயே நிரப்புங்கள். உங்கள் மருந்துகளை இரண்டு மடங்காக எடுத்துப் போங்கள். சோதனைச்சாவடிக் காவலர் உங்கள் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தால், புத்தகத்தைக் காட்டாமல் அவரிடம் கேளுங்கள். ஏற எங்களுக்கு நின்ற நேரம் போக மூன்று மணி, இறங்க இரண்டு. மொத்தத் தூரம் முப்பத்தெட்டு கிலோமீட்டர் என்பது காதர் பாய் சொன்னது. அவர் ஜீப்பில் மீட்டர் ஓடவில்லை, அதனால் நான் சரிபார்க்கவில்லை.

ஹைவேவிஸிலிருந்து இரவங்கலாறு வரைக்கும் கார் போகுமா, அங்கே தங்க இடம் உண்டா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். நான் அங்கே போகவில்லை. எனக்குத் தெரியாது.