தரைவரை போன பிரேக்கும் உம்மாவின் பயண துஆவும்

சகோதரிகளே, அந்தக் காலையை நினைத்தால் இன்றும் உடம்பு சிலிர்க்கிறது.

உம்மாவின் முறிந்த காலுக்கு அன்று புத்தளத்தில் கிளினிக். தவறவிட்டால் எலும்பு கோணலாகப் பொருந்திவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மாவுக்கட்டுக் காலை நீட்டியபடி ஆட்டோவில் ஏற இயலாது. எங்கள் ஊரான கனமூலையில் பாதிப்பேர் முந்தலில் நடந்த ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். வேனும் இல்லை, கராஜ்காரரும் இல்லை. எங்கள் பழைய காரோ, பிரேக் போட்டால் இரும்போடு இரும்பு உரசிக் கத்தியது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தொழுகைப் பாயிலேயே அழுதேன்.

கட்டாரிலிருக்கும் என் கணவர் வீடியோ கோலில் வந்தார். லீவில் வந்தபோது வாங்கி வைத்த புது பிரேக் பேட் அலுமாரியில் இருந்தது. "பயப்படாத புள்ள, நான் சொல்லச் சொல்லச் செய்" என்றார். ஜெக் அடித்து, கட்டை வைத்து, முன்சில்லுகளைக் கழற்றினேன். புது பேட் நுழைய வேண்டுமென்றால், பேட்டை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். உப்புக் காற்றில் கறள் பிடித்து அது அசையவே இல்லை. பிஸ்மி சொல்லிச் சொல்லி, கவ்வி ஒன்றை மாட்டி இறுக்கினேன். அல்ஹம்துலில்லாஹ், மெல்ல உள்ளே போனது. மற்றப் பக்கமும் முடித்து, "இனிச் சில்லைப் பூட்டு" என்று அவர் சொன்னதும் சிக்னல் அறுந்தது. சில்லுகளைப் பூட்டியதும் வேலை முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

உம்மாவைப் பின்சீட்டில் ஏற்றி, காரை ஸ்டார்ட் செய்தேன்.

"மகள், துஆ ஓதாம எடுக்காத."

போர்க்காலத்தில் மன்னாரை விட்டு வெளியேற்றப்பட்டு வள்ளத்தில் வந்த நாள்முதல் உம்மா பயண துஆ ஓதாமல் எதிலும் புறப்பட்டதில்லை. ஓதி முடித்து, பிள்ளைகள் ஒவ்வொருவரின் பேரையும் சொல்லி அல்லாஹ்விடம் கேட்பார். லேசில் முடியாது. நேரம் போகிறதே என்ற எரிச்சலில் பிரேக்கை மிதித்தேன். கால் தரைவரை போய்விட்டது!

அந்த நேரம் ஃபோன் அடித்தது. என் கணவர்தான்.

"காரை எடுத்திட்டியா?"

"இல்ல, உம்மா துஆ ஓதுறாங்க."

அவர் அழுதே விட்டார். "எடுக்காத! பேட் மாத்தினா முதல்ல பிரேக்கைப் பல தரம் மிதிக்கோணும், அப்பதான் உள்ள போன பிஸ்டன் திரும்ப வந்து பிடிக்கும். அதச் சொல்லமுந்தி கோல் போயிட்டு. நீ புறப்படமுந்தி என்ட குரல் போய்ச் சேரோணும் எண்டு அல்லாஹ்கிட்டக் கேட்டுக்கேட்டு கோல் அடிச்சிக்கொண்டே இருந்தன்."

மிதித்தேன். மெல்ல மெல்லப் பெடல் இறுகியது. உம்மா ஆமீன் சொல்லும்போது கல்லுப் போல் நின்றது. எங்கள் வீட்டு ஒழுங்கை, அந்தச் சின்னச் சந்து, முடிவது லொறிகள் பறக்கும் கொழும்பு ரோட்டில். அதை நினைத்து ஸ்டியரிங்கில் தலைவைத்து அழுதேன்.

முற்றத்திலேயே உருட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகப் போனோம். கிளினிக்கும் கிடைத்தது. உம்மா இன்று நேராக நடக்கிறார். நானும் அவசரத்தைக் குறைத்துக்கொண்டேன்.

சகோதரிகளே, எவ்வளவு அவசரமென்றாலும் கையேந்திவிட்டுப் புறப்படுங்கள். அந்தக் கொஞ்ச நேரத் தாமதத்தில் அல்லாஹ் யாருடைய துஆவுக்குப் பதில் கொடுத்துக்கொண்டிருக்கிறான் என்று நமக்குத் தெரியாது.